பூவிகாவின் வயிற்றளவு

கோவையில் நாங்கள் போய்வந்த மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், ஸ்கேன் அறைக்கு எதிரே நீல நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கும். அதில் சுவரோரம் இருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஆடும். அந்த ஆட்டத்தில் என் மகள் தூங்கிவிடுவாள் என்பதால் எப்போது போனாலும் அதைத்தான் பிடிப்பேன். இன்றைக்கு அதில் வேறு யாராவது கைக்குழந்தையோடு உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த நாட்களில், எங்களுக்கும் இப்படித்தான் ஆனது, பிறகு இன்னது நடந்தது என்று பக்கத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சோறு இறங்கியிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன். மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் காக்க வைக்கிற கதைகள் எனக்கு ஆகாது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பல்லடத்துப் பக்கம் எங்கள் ஊர். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்து பிசிறு வெட்டி, மடித்து அடுக்கி, இப்போது மங்கலம் ரோட்டில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் டி-சர்ட்டை மேசையில் விரித்து, இஞ்ச் டேப் வைத்து நெஞ்சு, நீளம், கை, கழுத்து என்று அளந்து, வெளிநாட்டு பையர், அதாவது சரக்கை வாங்குகிறவர், கொடுத்த அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. அரை சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம். அதற்கு மேல் போனால் விடமாட்டேன். இந்த வேலைக்கு இவனைப் போல பயந்தாங்கொள்ளிதான் சரி என்று எங்கள் மேனேஜர் ஜாபர் பாய் எல்லோர் முன்னாலும் சொல்வார். பொய்யில்லை. வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பியிருக்கிறேன். என் மனைவி சுகந்தி இதற்கு நேர் எதிர். ஓவர்லாக் மெஷினில் தைக்கிறவள். ஒருமுறை விரலில் ஊசி ஏறியபோது, துணியில் ரத்தம் படாமல் கையை எடுத்துவிட்டுப் பிறகுதான் தண்ணீர் கேட்டாள்.

பூவிகாவுக்கு இரண்டரை மாதத் தடுப்பூசி போட சுகாதார நிலையத்துக்குப் போனதில்தான் எல்லாம் தொடங்கியது. தொடையைத் துடைத்த நர்ஸம்மா பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, சட்டையைத் தூக்கி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வயிற்றின் வலப்பக்கம் இறுக்கமாக இருந்தது. தொடையிலும் முதுகிலும் தோலுக்கு அடியில் நீலம் பூத்தாற்போல நாலைந்து சின்ன உருண்டைகள். நாங்கள் அதைக் கொசுக்கடி என்று எண்ணித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். அடுத்த மேசையில் கிடக்கும் துணியில் ஊசித்துளை இருந்தாலும் சொல்லிவிடுகிற எனக்கு, பெற்ற பிள்ளையின் தோலில் இருந்தது தெரியவில்லை. இதை நினைத்து நான் எத்தனை நாள் என்னையே திட்டிக்கொண்டேன் என்பதை எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது.

திருப்பூரிலேயே ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். வலது சிறுநீரகத்துக்கு மேலே ஒரு கட்டி, கல்லீரல் வீங்கி அதில் புள்ளிகள் என்று எழுதிக் கொடுத்து, உடனே கோவைக்குப் போகச் சொன்னார்கள். லீவு சொல்ல ஜாபர் பாய்க்குப் போன் செய்தேன். பதினைந்து நிமிடத்தில் அவரே காரோடு வாசலில் நின்றார். லீவு லெட்டரை எல்லாம் அப்புறம் எழுதலாம், ஏறுங்க தம்பி என்றார். அவிநாசி ரோடு முழுக்க கார்க் கதவு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அங்கே எங்களைப் பார்த்தவர் குழந்தைகளுக்கான புற்றுநோய் டாக்டர். நடுத்தர வயது அம்மா. அறைப் பலகையில் இருந்த வார்த்தையைப் படித்தவுடன் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுகந்திதான் என் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். என்னென்ன பார்த்தார்கள் என்று சொல்கிறேன், தெரிந்திருந்தால் பயம் பாதியாகும். முதலில் மூத்திரம். இந்தக் கட்டி ஒருவகை ரசாயனத்தைச் சுரந்தால் அது மூத்திரத்தில் தெரியுமாம். பச்சைக் குழந்தையிடம் மூத்திரம் பிடிப்பதற்கு ஒட்டுகிற பை ஒன்று தருவார்கள். பையை ஒட்டிக் காத்திருந்தால் பெய்ய மாட்டாள். கழற்றியவுடன் என் சட்டை மேலே பெய்வாள். மூன்றாவது முறையில்தான் கிடைத்தது. அடுத்து எலும்பு மஜ்ஜை, அதாவது எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடத்திலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுப்பது. மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். பிறகு, அந்தக் கட்டியின் செல்களை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு மருந்தை ஏற்றி உடம்பு முழுக்க ஒரு ஸ்கேன். கடைசியாகத் தொடையில் இருந்த நீல உருண்டை ஒன்றையே எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்லது.

தொடையில் தையல் போட்டிருந்ததால் உடை மாற்றும்போதெல்லாம் கத்துவாள். இதை நான் போனில் புலம்பியதைக் கேட்டு, எங்கள் லைனில் தைக்கும் பெண்கள் மதிய இடைவேளையில் மீந்த பஞ்சுத் துணியில் முன்பக்கம் முடிச்சுப் போடுகிற மாதிரி ஆறு குட்டிச் சட்டைகள் தைத்து அனுப்பினார்கள். தலை வழியாக மாட்ட வேண்டாம், கால் வழியாக உருவ வேண்டாம். வார்டு நர்ஸ்கள் அதை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஜாபர் பாய் வீட்டிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பாடு வந்தது. பால் கொடுக்கிறவளுக்கு என்று பூண்டு அதிகம் போட்டு வரும். செலவில் பெரும்பகுதியைக் காப்பீட்டு அட்டை தாங்கிக்கொண்டது. எந்த ஜன்னலில் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்று எனக்குக் காட்டியவர் அடுத்த கட்டிலில் இருந்த தாராபுரத்து அம்மா. அவருடைய நாலு வயது மகளுக்கும் இதே பெயருள்ள நோய்தான். நியூரோபிளாஸ்டோமா என்று பெயர். நரம்பாக வளர வேண்டிய செல்களில் உண்டாகும் கட்டி.

எல்லாச் சோதனை முடிவும் வந்த அன்று டாக்டரம்மா எங்களை உட்கார வைத்தார். இந்தக் கட்டிக்குள் கெட்ட குணம் காட்டுகிற மரபணு மாற்றம் எதுவும் இல்லை என்றார். பிள்ளைக்கு ஒரு வயது ஆகவில்லை, பரவியிருக்கிற இடங்களும் தோல், கல்லீரல், மஜ்ஜையில் கொஞ்சம் என்று இந்த வகைக்கு உரியவைதான் என்றார். அதனால் இப்போதைக்கு மருந்து எதுவும் வேண்டாம், வாராவாரம் ஸ்கேன் பார்த்துக்கொண்டு காத்திருக்கலாம் என்றார்.

எனக்கு அந்த இடத்தில் எல்லாம் இருண்டுவிட்டது. ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில், கப்பல் ஏறும் முன்பு பையரின் ஆள் வந்து சரக்கைப் பார்த்து மூன்றில் ஒன்றை எழுதுவார். பாஸ், ஃபெயில், ஹோல்ட். ஹோல்ட் என்றால் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே ஃபெயில் என்று சொல்ல மனம் வராத ஆட்கள்தான் ஹோல்ட் எழுதுவார்கள். நான் பார்த்தவரை அந்தச் சரக்கு கடைசியில் கழித்த சரக்கு விற்கிற செகண்ட்ஸ் கடைக்குத்தான் போகும். காத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னது என் காதில் அப்படித்தான் விழுந்தது. என் பிள்ளைக்கு ஹோல்ட் போட்டுவிட்டார்கள்.

மருந்தே இல்லாமல் எப்படிங்க என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "குட்டியோட கையக் காட்டுங்க" என்றார்.

சுகந்தியின் மடியில் இருந்த பூவிகாவின் கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். வயிற்றுக்குள் இருந்தபோது இந்தக் கை வாத்துக் கால் மாதிரி இருந்தது, விரல்களுக்கு நடுவே எல்லாம் சதை, சரியான நேரத்தில் நடுவில் இருந்த செல்கள் தாமாகவே செத்துக் கரைந்துபோனதால்தான் விரல் விரலாகப் பிரிந்தது என்று சொன்னார். யாரும் வெட்டவில்லை. செல்லுக்குள்ளேயே அந்த ஏற்பாடு எழுதி வைக்கப்பட்டிருக்கிறதாம். காயம் பட்டுச் சாகிற மாதிரி வீங்குவதோ சீழ் பிடிப்பதோ கிடையாது. செல் தன்னைத்தானே சுருக்கி மடித்துக்கொள்ளும். பக்கத்துச் செல்கள் அதை விழுங்கிச் சுத்தம் செய்துவிடும்.

நரம்பிலும் இதேதான் என்றார். கரு வளரும்போது உடம்பு தேவைக்கு மேலே நரம்பு செல்களைச் செய்துவிடும். அவை ஒவ்வொன்றும் ஒரு கையை நீட்டிக்கொண்டு தசையையோ உறுப்பையோ தேடிப் போகும். போய்ச் சேருகிற இடம் அதற்கு உயிர்வாழ ஒரு சத்தைக் கொடுக்கும். அந்தச் சத்து கொஞ்சமாகத்தான் இருக்கும். கிடைத்தவை பிழைக்கும். கிடைக்காதவை மடித்துக்கொண்டு போய்விடும். சில இடங்களில் பாதிக்குப் பாதி இப்படிப் போகுமாம்.

பாதியா என்று கேட்டேன். என் மூளையிலுமா என்றும் கேட்டுவிட்டேன். உங்களுக்கும் எனக்கும் எல்லாருக்கும் என்றார். அதற்குச் சுகந்தி சொன்னாள்: "இவுருக்குப் பயப்படற பக்கத்துல மட்டும் ஒண்ணுகூடச் சாகலீங்க போல இருக்குது."

டாக்டரம்மா சிரித்தார். எந்த ஊர் என்று விசாரித்தார். கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போன பல்லடம் என்றவுடன் மறுபடியும் சிரித்து, இதையெல்லாம் கண்டுபிடித்ததே கோழி முட்டைக்குள்தான் என்றார். முட்டைக்குள் வளரும் கருவில், கால் முளைக்கிற மொட்டை எடுத்துவிட்டுப் பார்த்தார்களாம். அந்தக் காலுக்காக இருந்த நரம்பு செல்கள் நிறையச் செத்துப்போயின. இன்னொரு கருவில் கூடுதலாக ஒரு கால்மொட்டை ஒட்ட வைத்தார்கள். வழக்கமாகச் சாகிற செல்களில் கூடக் கொஞ்சம் பிழைத்துக்கொண்டன. என் மாமனுக்குக் கோழிப் பண்ணை இருக்கிறது. பெட்டி பெட்டியாகக் குஞ்சு இறக்கியிருக்கிறேன். அந்த ஓட்டுக்குள் இப்படி ஒரு கணக்கு நடக்கிறது என்று எனக்கு எவன் சொன்னான்.

கேட்டுக்கொண்டே வந்தவனுக்குத் திடீரென்று ஒன்று பிடிபட்டது. "எக்ஸ்ட்ரா கட்டிங்குங்களாம்மா?" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். ஆயிரம் சட்டைக்கு ஆர்டர் வந்தால் நாங்கள் ஆயிரம் வெட்டுவதில்லை. ஓட்டை, கறை, தையல் பிசகு என்று சிலது போய்விடும் என்பதால் அதற்கு மேலே கொஞ்சம் சேர்த்து வெட்டுவோம். பேக்கிங் முடிந்த பிறகு மீந்த பீஸ்களை மூட்டை கட்டி வெளியேற்றிவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் லைனுக்கு நடுவே கிடந்து வழியை அடைக்கும்.

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதேதானுங்க. உங்க பொண்ணுக்கு அந்த மூட்டைய எடுக்கற ஆளு லேட்டு. இந்த வயசுல, இந்த வகையில, அவரு வந்தர்றத நாங்க நெறையப் பாத்திருக்கறோம். வருவாருன்னுதான் நெனைக்கறோம். வரலீனா நாங்க எடுப்போம்."

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வார்டுக்குத் திரும்பும்போது அந்த 'நெனைக்கறோம்' மட்டும் என் கூடவே வந்தது. அடுத்த கட்டில் அம்மாவிடம் போய் உட்கார்ந்து, மருந்து வேண்டாம் என்கிறார்கள் என்று அழுதேன். அவருடைய மகள் அப்போது இரண்டாவது சுற்று மருந்து ஏறிக் கொண்டிருந்ததில் களைத்துத் தூங்கினாள். தலையில் முடி இல்லை. அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் அழவிட்டார். பிறகு, "மருந்து வேண்டாம்னு சொன்னதுக்கு நீங்க அழுவறீங்க. அந்த ஒரு வார்த்தைய யாராச்சும் எனக்குச் சொல்லமாட்டாங்களான்னு நான் உக்காந்திருக்கறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பெயர் ஒன்றாக இருந்தாலும் நோய் எல்லாருக்கும் ஒன்றில்லை. பெரிய பிள்ளைகளுக்கு இது தானாகப் போவது அரிது, மருந்து கட்டாயம் வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் என் மகளை வைத்து உங்கள் பிள்ளைக்கு முடிவு செய்யாதீர்கள். டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா நாலு விஷயம் சொன்னார். மூச்சு வேகமாக வாங்கினால், பால் குடிக்கத் திணறினால், மூத்திரம் குறைந்தால், கால் வீங்கினால் அந்த நிமிடமே வர வேண்டும். கல்லீரல் பெருத்து மேலே முட்டினால் நுரையீரலுக்கு இடம் இருக்காது, சின்னக் குழந்தைகளுக்கு அதுதான் பெரிய ஆபத்து. அப்படி ஆனால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருந்து தொடங்கிவிடுவோம் என்றார். வயிற்றை மட்டும் அழுத்திப் பார்க்காதீர்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என்னை அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

அழுத்தத்தானே கூடாது, அளக்கலாம் அல்லவா. வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே இஞ்ச் டேப்பை எடுத்துவிட்டேன். வேலைக்குக் கிளம்பும் முன்பு, அவள் பாலுக்கு எழுவதற்கு முன்னால், தொப்புளுக்கு ஒரு விரல் மேலே டேப்பைச் சுற்றி மூன்று தரம் அளப்பேன். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். நாற்பத்து நாலு. நாற்பத்து நாலு புள்ளி இரண்டு. நாற்பத்து மூன்று புள்ளி எட்டு. அரை சென்டிமீட்டருக்குள் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் அது பாஸ். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் என்னால் இட்லியை வாயில் வைக்க முடியும். அளந்தது போதுமுங்க மாமா, பிள்ளை சிரிக்கறாளா பாருங்க என்பாள் சுகந்தி. சிரிப்புக்கு அளவு கிடையாதே.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாததால் காலையில் அசந்து தூங்கிவிட்டேன். பத்து மணிக்கு மேல்தான் டேப்பை எடுத்தேன். நாற்பத்தைந்தரை.

மறுபடி அளந்தேன். நாற்பத்தைந்தரை. மூன்றாம் தரமும் அதே. ஒரே நாளில் ஒன்றரை சென்டிமீட்டர். கல்லீரல் முட்டுகிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. சுகந்தி பிள்ளையின் நெஞ்சைப் பார்த்துவிட்டு, மூச்சு நன்றாகத்தானே வாங்குகிறாள் என்றாள். நான் கேட்கவில்லை. எண் பொய் சொல்லாது என்று கத்தினேன். ஜாபர் பாய்க்குப் போன் செய்தேன். அவர் ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், அத்தர் மணக்க வெள்ளைச் சட்டையோடு வந்து காரை எடுத்தார்.

ஞாயிறாக இருந்தும் டாக்டரம்மா வந்தார். அவரைப் பார்த்ததும் அத்தனை நாள் அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது. "ஹோல்ட் போட்டு வெச்சது போதுமுங்கம்மா. மருந்த ஏத்துங்க" என்றேன். நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தேன்.

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் பூவிகாவின் மூச்சை எண்ணினார். அந்த ஒரு நிமிடமும் பூவிகா அவருடைய ஸ்டெதாஸ்கோப்பின் குழாயைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தாள். பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். காலைப் பார்த்தார். கடைசியாக எப்போது பால் குடித்தாள் என்று கேட்டார்.

"இவுரு அளக்கறதுக்குச் சித்த முன்னாலதானுங்க. ரெண்டு பக்கமும் வயிறு முட்டக் குடிச்சா" என்றாள் சுகந்தி.

டாக்டரம்மா என்னிடம் கையை நீட்டினார். டேப்பைக் கொடுத்தேன். இதற்குள் வரும் வழியில் பிள்ளை இரண்டு ஏப்பம் விட்டு, டயப்பரையும் நிரப்பியிருந்தாள். நான் காட்டிய இடத்தில் அளந்துவிட்டு, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துப் படித்தார். நாற்பத்து நாலு.

சுகந்தி, எங்களோடு உள்ளே வந்திருந்த ஜாபர் பாயைப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. சுகந்திதான் விளக்கினாள்.

"பனியன் துணி இழுபடற துணிங்கம்மா. அயர்ன் போட்ட சூட்டுல அளந்தா ஒரு அளவு வரும், ஆறப் போட்டு அளந்தா ஒண்ணு வரும். ஒரு நாள் முழுக்கப் போட்டு வெச்சுத்தான் அளக்கோணும். சூடா இருக்கற துணில டேப்ப வெச்சா ஊரையே கூட்டித் திட்டற ஆளுங்க இவுரு."

"போன வாரங்கூட ஒருத்தனத் திட்டி அழ வெச்சாரு" என்றார் ஜாபர் பாய், சுவரைப் பார்த்தபடியே.

என் தொழிலில் முதல் பாடம் அது. எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது. என் பிள்ளை விஷயத்தில் அதையே விட்டுவிட்டு, பால் குடித்த வயிற்றை அப்படியே அளந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தோடு சிரிப்பும் வந்தது. ஒரு மாதத்துக்கு மேலாகி, அன்றைக்குத்தான் நான் சிரித்தேன்.

அப்படியும் டாக்டரம்மா என்னைச் சும்மா அனுப்பவில்லை. வந்தது வந்தீர்கள் என்று ஸ்கேன் எடுத்தார். கட்டி போன வாரம் இருந்த அளவுதான். கல்லீரலும் அப்படியே. வளரவில்லை என்பதே இப்போதைக்கு நல்ல சேதி என்றார். பிறகு, நான் சொன்ன ஹோல்ட் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். முகத்துக்கு நேரே ஃபெயில் எழுத முடியாதவர்கள் எழுதுவது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "இது ஹோல்ட் இல்லீங்க. வேலை நடந்துட்டிருக்குது. நடத்தறது உங்க பொண்ணு. நாங்க பக்கத்துல நின்னு பாத்துக்கறோம். தப்பாப் போனா ஒடனே கை வெப்போம். ஃபெயில்னா உங்க முகத்துக்கு நேராவே சொல்லுவனுங்க. எனக்குப் பழக்கந்தான்."

கடைசி வாக்கியம்தான் என்னைத் தூங்க வைத்தது. வேறு யாருக்காவது அது கடுமையாகத் தெரியலாம். எனக்கு, இந்த அம்மா மறைக்க மாட்டார் என்பது தெரிந்துபோனது. டேப்பைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் என்னிடம் இல்லை, சுகந்தியிடம். அவள் அதை விரலில் சுற்றிப் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டாள். எனக்கு வேறு வேலை தரப்பட்டது. தினம் ஒருதரம், தூங்கும்போது, ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். தொடக்கூடாது.

அது நல்ல வேலை. பிள்ளை தூங்குவதைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. ஒரு நிமிடம் பிறகு பத்து நிமிடம் ஆனது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. ஆறாவது ஸ்கேனில் கல்லீரல் கொஞ்சம் சிறுத்திருந்தது. வாராவாரம் என்பது மாதம் ஒருமுறை ஆனது, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தோலில் இருந்த நீல உருண்டைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. முதுகில் இருந்தவை முதலில் போயின. தொடையில் ஒன்று மட்டும் நெடுநாள் நின்றது. ஒருநாள் குளிப்பாட்டும்போது சுகந்தி கூப்பிட்டு, எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னாள். என்னால் காட்ட முடியவில்லை. யாரும் வெட்டவில்லை, எரிக்கவில்லை. சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. எலுமிச்சம்பழம் அளவு இருந்த கட்டி நெல்லிக்காய் ஆனது. முதல் பிறந்த நாள் முடிந்து எடுத்த ஸ்கேனில், அந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்த ஒரு வெள்ளைப் புள்ளியைத்தான் டாக்டரம்மா தேடிப் பிடித்துக் காட்டினார். மூட்டைக்காரர் வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்றார். நான் சொன்ன கதையை அவர் மறக்கவில்லை.

தாராபுரத்துப் பிள்ளைக்கு மருந்து முழுதும் முடிந்து முடி முளைத்துவிட்டது. இப்போது யு.கே.ஜி. போகிறாள். சோதனைக்கு வரும் நாட்கள் ஒத்துப்போனால் நீல நாற்காலிகளில் எல்லாரும் சேர்ந்து உட்காருவோம். ஆடுகிற நாற்காலியில் இரண்டு பிள்ளைகளும் மாறி மாறி ஏறி ஆட்டுவார்கள். எங்களுக்கு இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டியிருக்கிறது. போவதற்கு முந்தின நாள் இன்றும் எனக்குச் சோறு இறங்காது. பயப்படுகிற பக்கம் அப்படியேதான் இருக்கிறது. சுகந்தி சொன்னது சரிதான்.

அடுத்த வாரம் பூவிகாவுக்கு இரண்டு வயது. பிறந்த நாளைக்குக் கவுன் தைக்கப்போகிறேன் என்று சுகந்தி கம்பெனியில் மீந்த பூப்போட்ட துணி கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தாள். நேற்று மத்தியானம் பர்ஸைத் திறந்து, ஒன்றரை வருடத்துக்கு மேலாக என் கண்ணில் படாமல் வைத்திருந்த டேப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

பூவிகா அப்போதுதான் தயிர்சோற்றை வழித்து முடித்து, வாயோரம் பருக்கையோடு நின்றாள். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. சாப்பிட்டவுடன் அளக்க வேண்டாம், சாயங்காலம் பார்க்கலாம் என்றேன்.

"இல்லீங்க மாமா, இப்பவே அளங்க" என்றாள் சுகந்தி. "சாப்பிட்ட வயித்துக்குத்தான் கவுன் பத்தோணும்."

தொப்புளுக்கு ஒரு விரல் மேலே டேப்பைச் சுற்றினேன். கூச்சத்தில் அவள் நெளிந்து சிரித்ததில் டேப் இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம்தான் படித்தேன். பழைய நோட்டை எடுத்து, நாற்பத்தைந்தரைக்குக் கீழே தேதி போட்டு எழுதினேன். நாற்பத்தெட்டு.